அரங்கில் கைக்குழந்தை

2024 ஏப்ரலில் மெல்பர்ன் நகரின் அத்தீனியம் அரங்கில் நகைச்சுவைக் கலைஞர் ஆர்ஜ் பார்க்கர் தன் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தி, ஏழு மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை வெளியே போகச் சொன்னார். குழந்தை அழவே இல்லை, மழலைச் சத்தம்தான் போட்டுக்கொண்டிருந்தது என்றார் தாய். அந்தச் சத்தமே பேச்சின் ஓட்டத்தைக் கெடுத்துவிட்டது, மற்றவர்களும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார்கள் என்றார் கலைஞர். ஆஸ்திரேலியாவே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. பிள்ளை பெற்றவளை வீட்டுக்குள் பூட்டிவைக்கப் பார்க்கிறீர்களா என்றது ஒரு கட்சி. பச்சைக் குழந்தையை ராத்திரி வேளையில் காமெடி ஷோவுக்குத் தூக்கிக்கொண்டு வருவது என்ன நியாயம் என்றது இன்னொரு கட்சி.

இந்தச் சண்டையில் ஒரு விவரம் கவனிப்பாரின்றிப் போனது. அந்த நிகழ்ச்சி 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. இருந்தும் தாயையும் குழந்தையையும் வாசலில் யாரும் தடுக்கவில்லை. உள்ளே அனுப்பி உட்காரவும் வைத்துவிட்டார்கள். விதியை வகுத்தவர்கள் அதை வாசலில் சொல்ல ஆள் வைக்கவில்லை. அந்த வேலை, கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேடையில் நின்றவர் தலையில் விழுந்தது. அவமானம் தாய்க்கு வந்து சேர்ந்தது.

கைக்குழந்தையோடு நாடகத்துக்கு வரலாமா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் தாயும் பக்கத்து இருக்கைக்காரரும்தான் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். அரங்கை நடத்துகிறவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இந்தப் பிரச்சினையில் முக்கால் பங்கு அவருடையது என்பது என் கட்சி. மீதிக் கால் பங்கைத் தாயும் தகப்பனும் பார்வையாளரும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், எல்லா நாடகத்துக்கும் ஒரே விதி போட முடியாது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாரதக் கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். முன்வரிசை என்பது பாயும் பழைய புடவையும் விரித்த தரை. அங்கே பிள்ளைகள் படுத்துக் கிடப்பார்கள். சிலர் துரியோதனன் வேஷம் வரும்போது எழுந்து பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்வார்கள். தாய் மடியில் பால் குடித்தபடியே ஒரு குழந்தை கிரீட வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது வீறிட்டு அழுதால் கூத்து நிற்காது. கட்டியங்காரன் அந்த அழுகையையே பிடித்துக்கொண்டு ஒரு வேடிக்கை பேசினாலும் பேசுவான். இந்தத் திருவிழாவில் வரும் அர்ச்சுனன் தபசில், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு தபசு மரத்தடியில் காத்திருப்பார்கள். மேலே ஏறிய அர்ச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் திருநீற்றையும் மடியில் ஏந்துவார்கள். பிள்ளை வேண்டி வரும் இடத்துக்குப் பிள்ளையோடு வராதே என்று எவரும் சொல்ல மாட்டார்.

கூத்து குழந்தையைத் தாங்குவதற்குக் காரணம் கிராமத்தாரின் பெருந்தன்மை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கலையின் கட்டுமானம் அப்படி. வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுகிறார்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் நான்கும் விடாமல் ஒலிக்கின்றன. கதை ஊருக்கே தெரிந்த கதை. ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் அது இன்னொரு முறை வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. வெளிச்சம் மேடைக்கும் மக்களுக்கும் பொது. கூரை இல்லாததால் அழுகை எதிரொலிக்காமல் காற்றோடு போய்விடும். எழுந்து நடக்கவும், டீ குடித்து வரவும் இடம் உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்துக்கும் இது பொருந்தும். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும்போது ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தர்க்கம் செய்வதைக் கேட்டபடியே பெண்கள் குழந்தையைக் காலில் போட்டு ஆட்டித் தூங்க வைத்துவிடுவார்கள்.

அதற்காக அந்தக் காலத்து நாடகத்துக்கு இந்தக் கவலையே கிடையாது என்றும் சொல்ல முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் நடிப்பை விட்டு ஆசிரியர் ஆனதற்கு ஒரு காரணம் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ‘சாவித்திரி’யில் அவர் எமனாக வந்து கர்ஜித்ததைக் கண்டு கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம், அதன்பின் அவர் வேஷம் கட்டவே மறுத்துவிட்டாராம். எவ்வளவு உண்மை, எவ்வளவு கூடச் சேர்ந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கலைஞன் தன் பார்வையாளர் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசிக்கக் கடமைப்பட்டவன் என்ற நினைப்பு நம் மரபில் இருந்தது என்பதற்கு இந்தக் கதை சாட்சி.

இனி மேற்கே. ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கு பகல் வெளிச்சத்தில், திறந்த வானத்தின் கீழ் இயங்கியது. முற்றத்தில் நின்று பார்த்தவர்கள் கொறித்துக்கொண்டும் கூச்சலிட்டுக்கொண்டும் பார்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் செல்வாக்குள்ள ரசிகர்கள் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைக் கீழே இறக்க நடிகர் டேவிட் கேரிக் 1760-களில் பெரும்பாடு படவேண்டியிருந்தது. அந்நாளில் பார்வையாளர் பகுதியிலும் விளக்கு எரிந்தது. வாயு விளக்கு வந்தபின்தான் ஒளியைக் கூட்டிக் குறைக்க வழி பிறந்தது. 1876-இல் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னர் திறந்த அரங்கு இருண்ட மண்டபத்துக்குப் பேர்போனது. 1881-இல் லண்டன் சவாய் அரங்கு முழுக்க மின்விளக்குக்கு மாறியது. இருட்டு வந்தது, அதன் பின்னாலேயே அமைதியும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாடக நோட்டீஸ்களில் ‘கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை’ என்ற வரி அடிக்கடி தென்படுகிறது. அனுமதி இல்லை என்று அச்சடிக்க வேண்டியிருந்தது என்றால், கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்றுதான் பொருள்.

இந்த வரலாற்றை வைத்துச் சில ஆய்வாளர்கள் ஒரு வாதம் கட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எல்லா வகுப்பாரும் கூடிச் சத்தம் போட்டுப் பார்த்த ஷேக்ஸ்பியர் எப்படி மேட்டுக்குடியின் சொத்தாக மாறினார் என்று லாரன்ஸ் லெவின் 1988-இல் எழுதினார். அரங்க ஒழுக்கம் என்ற பெயரில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கப்படுவதை கிர்ஸ்டி செட்ஜ்மன் 2018-இல் வந்த தன் நூலில் அலசினார். அமைதி என்பது இயற்கையில் விளைந்ததல்ல, பழக்கப்படுத்தப்பட்ட ஒன்று என்பதை இருவரும் ஐயமில்லாமல் காட்டிவிடுகிறார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து, ‘ஆகவே அமைதியைக் கேட்பதே மேட்டிமைத்தனம்’ என்று தாவுகிறவர்களோடு என்னால் போக முடியவில்லை. பழக்கப்படுத்திய அமைதியை நம்பி நூறு ஆண்டுக்கு மேலாக நாடகங்கள் எழுதப்பட்டுவிட்டன. செகாவின் பாத்திரங்கள் பேச்சை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடங்களும், பிண்டரின் இடைவெளிகளும், பெக்கெட்டின் மௌனங்களும் எழுதப்பட்ட வசனத்துக்குச் சமம். 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் மேடையில் ஓர் உடல் அசையாமல் நிற்கும் அரை நிமிடமும் அப்படித்தான். அங்கே ஒரு குழந்தை சிணுங்கினால் நாடகத்தின் ஒரு வரி அழிந்துபோகிறது.

சபா நாடகம் கூத்துக்கும் இந்த மௌன நாடகத்துக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் சிக்கலும் அங்கே கூடுதல். கூரை போட்ட ஹால், இருட்டு, வரிசை இருக்கை எல்லாம் மேற்கிலிருந்து வந்தவை. குடும்பத்தோடு போவது, இடைவேளையில் கேண்டீன், தெரிந்தவர் தலையைக் கண்டால் கையசைப்பது, உறுப்பினர் அட்டைக்கு இரண்டு பேர் போக இடுப்பில் மூன்றாவதாக ஒன்று, இவை நம்முடையவை. கிரேஸி மோகன் பாணி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் மேடையேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’வுக்குப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளுமாகக் குடும்பங்கள் திரண்டு வந்தன. ஆனால் அந்த நகைச்சுவை முழுக்கச் சொல் விளையாட்டு. ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த சொல், அதைப் பிடித்து இன்னொன்று. கூத்தைப் போலத் திரும்பப் பாட அங்கே பின்பாட்டு இல்லை. ஒரு சொல் காதில் விழாவிட்டால் அடுத்த நான்கு சிரிப்பும் போயிற்று. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைக்கும் நாடகமே குழந்தையின் சத்தத்துக்கு அதிகம் பலியாகும் நாடகமாகவும் இருக்கிறது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஒரு குழந்தை அழுதால் என்ன குடி முழுகிவிடும்’ என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பச்சைக் குழந்தையின் அழுகைக்கு அடிப்படை அதிர்வு வினாடிக்கு 400-500 அளவில் இருக்கும். ஆனால் அதன் காரம் அதற்கு மேலே, ஆயிரம் முதல் சில ஆயிரம் அதிர்வுகள் வரை பரவிக் கிடக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் மூவாயிரத்தை ஒட்டிய அந்தப் பகுதியில்தான். க, ச, ட, த போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய நாம் நம்பியிருப்பதும் அதே பகுதியைத்தான். அதனால் அழுகை நடிகரின் குரலை முழுதாக மூடாவிட்டாலும், சொல்லைப் புரிய வைக்கும் பகுதியைத் துல்லியமாக மூடிவிடுகிறது. குரல் கேட்கும், வார்த்தை புரியாது. பக்கத்தில் வைத்து அளந்தால் குழந்தையின் அழுகை 100 டெசிபலைத் தாண்டக் கூடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான்.

காது மந்தமாகி, செவிக்கருவி வைத்துக்கொண்டு வருபவர்களை நினைத்துப் பாருங்கள். சபா நாடகங்களின் நம்பகமான ரசிகர்கள் அவர்கள். வயதால் முதலில் போவது இந்த மேல் அதிர்வுகளைக் கேட்கும் திறன்தான். கருவி அந்தப் பகுதியைத்தான் கூட்டித் தருகிறது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதால் அதையும் சேர்த்துக் கூட்டித் தருகிறது. கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உதட்டசைவைப் பார்த்து நாடகத்தை முடித்துவிட்டுப் போகும் பெரியவர் எழுந்து புகார் சொல்ல மாட்டார். அக்கம்பக்கத்தாரை அனுசரித்துப் போவது பற்றிப் பேசும்போது ‘எரிச்சல்படும் ரசிகர்’ என்று ஒரு கோபக்காரரை வரைந்துகொள்கிறோம். பாதிக்கப்படுபவர்களில் பாதிப்பேர் வாயே திறக்காதவர்கள்.

மேடையில் இருப்பவருக்கும் காது உண்டு. குழந்தையின் அழுகையைக் கேட்டும் கேட்காமல் இருப்பது மனித உடம்புக்கு எளிதல்ல, அது அப்படி அமைந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு வேறொருவர் குழந்தை அழுதால்கூடப் பால் சுரந்துவிடும். அந்த நிலையில் வசனம் பேசிக்கொண்டிருக்கும் நடிகையின் சங்கடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அனுபவமுள்ள நடிகர் ஒரு மூச்சு நிறுத்தி, அழுகையின் இடைவெளியில் வசனத்தைப் போடுவார். புதியவர் குரலை உயர்த்துவார், அதைக் கேட்டு எதிரில் நடிப்பவரும் உயர்த்துவார், மெதுவாகச் சொல்லவேண்டிய காட்சி சண்டைக் காட்சி ஆகிவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ‘ஆகவே கைக்குழந்தைக்கு எங்கும் அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? அந்தப் பலகை குழந்தையைத் தடுப்பதில்லை. தாயைத்தான் தடுக்கிறது. குழந்தைக்கு நாடகம் தேவையில்லை, அது வீட்டில் சந்தோஷமாகத் தூங்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். கூட்டுக் குடும்பம் இருந்த நாளில் யாராவது ஒருவர் மடியில் போட்டுக்கொண்டார்கள். இன்று சென்னையில் தனிக்குடித்தனம் நடத்தும் பெண்ணுக்கு அம்மா திருநெல்வேலியில், மாமியார் கோயம்புத்தூரில். பாட்டி உள்ளூரிலேயே இருந்தாலும் அவருக்கும் அந்த நாடகம் பார்க்க ஆசை இருக்கும் அல்லவா! நாடகம் பார்த்து வளர்ந்த பெண், நடித்த பெண், எழுதிய பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்து இரண்டு மூன்று வருஷம் அரங்கத்தையே மறந்துவிட வேண்டியதாகிறது. இரண்டாவது பிறந்தால் இன்னும் மூன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை அழுதால் எழுந்து வெளியே போவது அம்மாதான். அப்பா முழங்காலை ஒதுக்கி வழி விட்டுவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே விலைக்குத்தான் டிக்கெட் வாங்கினார்கள். முதல் பாதி அவள், இரண்டாம் பாதி அவர் என்று முறை வைத்துக்கொண்ட தம்பதியை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

சத்தம் போடுபவர்களை வெளியேற்றுவது என்று ஆரம்பித்தால் அது குழந்தையோடு நிற்பதும் இல்லை. 2015-இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் ‘தி கிங் அண்ட் ஐ’ பகல் காட்சியில், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் சவுக்கடிக் காட்சியின்போது கத்திவிட்டான். சுற்றியிருந்தவர்கள் தாயின்மேல் பாய்ந்தார்கள். மேடையில் இருந்த நடிகர்களில் ஒருவரான கெல்வின் மூன் லோ அன்றே அந்தத் தாய்க்கு ஆதரவாக எழுதியது உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் டூரெட் குறைபாடு உள்ள ஜெஸ் தாம், தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் வரும் சொற்களுக்காக ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில் ஒலிக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றி உட்கார வைக்கப்பட்டார். அந்த அவமானத்திலிருந்து ஒரு மேடை நிகழ்ச்சியையே உருவாக்கினார். குழந்தையின் நிலையும் இவர்களுடைய நிலையும் ஒன்றல்ல. குழந்தை சில வருஷத்தில் வளர்ந்துவிடும், அவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும். ஆனால் இவர்களுக்காகக் கண்டுபிடித்த வழி குழந்தைக்கும் பயன்பட்டது.

அந்த வழிக்கு ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸ்டு’ காட்சி என்று பெயர், தமிழில் தளர்வுக் காட்சி எனலாம். வழக்கமாக ஓடும் அதே நாடகத்தின் ஒரு நாள் காட்சியை இதற்கென ஒதுக்குவார்கள். அரங்கில் விளக்கு முழுதாக அணையாது, திடீர் வெடிச்சத்தமும் பளீர் ஒளியும் குறைக்கப்படும், எழுந்து போகலாம் வரலாம், சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிக்கெட் வாங்கும் எல்லாருக்கும் இது முன்பே தெரியும். 2011 அக்டோபரில் பிராட்வேயில் ‘தி லயன் கிங்’ ஆட்டிசம் உள்ளவர்களுக்கான முதல் காட்சியை இப்படி நடத்தியது. 2020-இல் லண்டன் பாட்டர்சி கலை மையம் தன் எல்லா நிகழ்ச்சிகளையும் இந்த முறைக்குக் கொண்டுவர முனைந்தது. திரையரங்குகள் இதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தன. பிரிட்டனின் பிக்சர்ஹவுஸ் அரங்குகளில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருபவர்களுக்கென்றே காலைக் காட்சி உண்டு. ‘பிரிங் யுவர் ஓன் பேபி’ என்ற பெயரில் பகலில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். வருபவர் எல்லாருமே கைக்குழந்தைக்காரர்கள், அழுகைக்கு நடுவே ஜோக் சொல்வதுதான் அங்கே கலைஞருடைய சாமர்த்தியம். மெல்பர்ன் சண்டைக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இங்கே இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கைக்குழந்தைக்கென்றே செய்யும் நாடகம் ஒன்று. இத்தாலியின் பொலோனியாவில் லா பராக்கா குழு 1987 முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்காக நாடகம் செய்துவருகிறது. ஸ்காட்டிஷ் ஆபரா ‘பேபி ஓ’ என்று தவழும் பிள்ளைகளுக்கு ஓர் இசை நாடகமே போட்டது. நிறம், இறகு, தண்ணீர்ச் சத்தம், குரல் ஏற்ற இறக்கம் இவைதான் அவற்றில் கதை. அழகான முயற்சிகள். ஆனால் எட்டு மாதக் குழந்தையின் தாய் பார்க்க விரும்புவது இறகை அல்ல. அவளுக்கு வேண்டியது ஊரெல்லாம் பேசும் அந்தப் புதிய நாடகம். குழந்தை நாடகம் ஒன்று போட்டுவிட்டால் தாய்க்கும் செய்துவிட்டதாக அரங்கங்கள் கணக்கு எழுதிக்கொள்கின்றன. அது தப்புக் கணக்கு.

வயது வரம்பு வைப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘தி லயன் கிங்’ நாடகத்துக்கே நியூயார்க்கில் நான்கு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, லண்டனில் மூன்று வயதுக்குக் கீழ் இல்லை. அட்லாண்டிக்கைத் தாண்டினால் பிள்ளைக்கு ஒரு வயது புத்தி குறைந்துவிடும் போலும். வரம்பு எந்த எண்ணாக இருந்தாலும் அதைவிட முக்கியம், அது டிக்கெட் வாங்கும் இடத்திலேயே எழுதியிருக்கிறதா என்பது. சட்டமும் இங்கே கவனிக்கத்தக்க வகையில் நடந்துகொள்கிறது. ஸ்காட்லாந்தின் 2005-ஆம் ஆண்டுத் தாய்ப்பால் சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொது இடத்தில் பால் கொடுப்பதைத் தடுப்பது குற்றம். ஆனால் அந்த இடத்தில் குழந்தைக்கே அனுமதி உண்டு என்றால்தான் அது பொருந்தும். குழந்தை வரலாமா என்பதை அரங்கம் முடிவு செய்யலாம். வரலாம் என்றபின் பால் கொடுக்காதே என்று சொல்ல முடியாது. நியாயமான பிரிவினை.

குழந்தையின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், அது மட்டும் யாரும் கேட்காத கட்சி. சிறார் காதில் மாட்டிக் கேட்கும் ஒலிச் சாதனங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 90 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் ஒரு வாரக் கணக்கு முடிந்தது. இன்றைய மியூசிக்கல் நிகழ்ச்சிகளிலும், மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி நடக்கும் திருவிழா நாடகங்களிலும் 90 பெரிய எண்ணே அல்ல. பழைய கூத்தில் முன்வரிசையில் தூங்கிய பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. மைக்கும் ஸ்பீக்கரும் வந்தபின் அதே முன்வரிசை பிள்ளைகளுக்கு உகந்த இடமாக இல்லை. நன்றாகத் தூங்குகிறதே என்று சமாதானம் சொல்லக் கூடாது, தூங்கும்போது காது மூடிக்கொள்வதில்லை.

நம் பக்கத்து முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது கேரள அரசு 2022-இல் திருவனந்தபுரம் கைரளி திரையரங்க வளாகத்தில் அமைத்த அழுகை அறை. கண்ணாடித் தடுப்பு, உள்ளே தொட்டில், துணி மாற்ற வசதி, குழந்தை அழுதால் எழுந்துபோய் அங்கிருந்தே படத்தைத் தொடரலாம். தமிழ்நாட்டில் 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இத்தகைய வசதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025-இல் வலியுறுத்தியது. பேருந்து நிலையத்தில் யோசித்ததை நான் போய்வந்த எந்தச் சபா அரங்கிலும் யோசித்ததாகத் தெரியவில்லை. நாடகம் பார்க்க வந்தவள் பால் கொடுக்க, மாடிப்படிக்குக் கீழே, கேண்டீன் புகைக்கு நடுவே, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருகிறாள்.

என்ன செய்யலாம்? புதிய கட்டடம் தேவையில்லை. ஒலிப் பலகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து முன்கூடத்தில் ஒரு ஸ்பீக்கரும், முடிந்தால் ஒரு டிவியும் வைத்தால் வெளியே போன தாய் கதையை விடாமல் தொடருவாள். கடைசி இரண்டு வரிசையின் ஓர இருக்கைகளைக் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முதலில் கொடுக்கலாம். நாடகம் தொடங்குமுன் செல்போனை அணைக்கச் சொல்லும் அதே குரல், குழந்தை அழுதால் எந்தக் கதவு வழியாகப் போகலாம், வெளியே எங்கே உட்காரலாம் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம். பத்துக் காட்சி போடும் குழு ஒரு ஞாயிறு காலைக் காட்சியைத் தளர்வுக் காட்சியாக அறிவிக்கலாம். பெரும்பாலான சபா நாடகங்கள் அந்த வெளிச்சத்தையும் சலசலப்பையும் தாராளமாகத் தாங்கும். மௌனத்தை நம்பி நிற்கும் நவீன நாடகத்தார் மட்டும், இது குழந்தைக்கான காட்சி அல்ல என்று டிக்கெட்டிலேயே எழுதிவிடட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெங்களூரு ரங்க சங்கராவில் நாடகம் தொடங்கியபின் வருபவர் யாராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை. 2004-இல் திறந்ததிலிருந்து அந்தக் கண்டிப்பை எல்லாரும் அறிந்திருப்பதால் அங்கே வாசலில் வருத்தம் உண்டு, வாக்குவாதம் குறைவு.

பெற்றோர் பங்குக்கு வருவோம். சிணுங்கல் அழுகையாக மாறும்வரை காத்திருந்து, பையைத் துழாவி, பாட்டிலைத் தேடி, ‘இதோ தூங்கிடும்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிஷம்தான் அரங்கைச் சோதிக்கிறது. முதல் சிணுங்கலிலேயே எழுந்துவிடுவது நல்லது, அதற்கு ஓர இருக்கையில் உட்கார வேண்டும். செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்துச் சமாளிப்பது அழுகையைவிட மோசம், இருட்டில் அந்த வெளிச்சம் நான்கு வரிசைக்கு அடிக்கும். பார்வையாளர் பங்குக்கு, எழுந்து போகிறவளுக்குக் காலை ஒதுக்கி வழிவிடுவதும், திரும்பி முறைக்காமல் இருப்பதும் போதும். ‘உஷ்’ என்று கூட்டாக எழும் சத்தம் பல சமயம் அந்தக் குழந்தையின் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அழுகைக்கு எழுந்து நின்று நாடகத்தை நிறுத்தச் சொல்பவர், தன் செல்போன் அடித்தபோது ‘ஹலோ, நாடகத்துல இருக்கேன்’ என்று எடுத்துப் பேசியவராகவும் இருக்கக் கண்டிருக்கிறேன்.

மேடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையோடு இருப்பவரை மேடையிலிருந்து பேசி அனுப்பாதீர்கள், அது உங்கள் வேலை அல்ல. வாசலில் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படிக்கும் நீங்களும் ஒன்று செய்யலாம். உங்களுக்குக் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த முறை நாடகத்துக்கு டிக்கெட் வாங்கும்போது, ‘கைக்குழந்தையோடு வரலாமா, வந்தால் எங்கே உட்காரலாம்’ என்று கவுண்டரில் கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், செயலாளரிடம் கேட்டுச் சொல்லும்படி சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது காட்சிக்குள் டிக்கெட்டில் ஒரு வரி அச்சாகிவிடும்.